மலையேறும் வயதும் மெலியும் எலும்பும்

கார்த்திகை முதல் நாள் அதிகாலையில், ஐயப்பன் சந்நிதிகளில் மாலை அணியக் காத்திருப்போர் வரிசையில் பெண்களும் இருப்பார்கள். சிலர் பத்து வயது நிறையாத சிறுமியர்; மற்றவர்கள் ஐம்பதைக் கடந்த மாளிகைப்புறங்கள். கணவரும் மகன்களும் ஆண்டுதோறும் இருமுடி தாங்கிப் புறப்பட்டபோதெல்லாம் வாசற்படி வரை வந்து, சரணம் விளித்து வழியனுப்பி வைத்தவர்கள் இவர்கள். மண்டல விரத நாள்களில் வீட்டின் தூய்மையைக் காத்து, பூஜைக்கு வந்த சாமிமார்களுக்கு அன்னமிட்டவர்கள். தொன்றுதொட்டு வரும் வழக்கத்தின்படி, ஐம்பது வயது நிறைந்த பிறகே தம் தலையிலும் இருமுடி ஏறும் என்று பொறுமையுடன் காத்திருந்தவர்கள்.

அந்தக் காத்திருப்பு நிறைவேறும் வயதில்தான் உடலுக்குள் வேறொன்றும் நிகழ்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46, 47. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பிருந்தே எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையத் தொடங்குகிறது. நின்ற பிறகு வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் 10 முதல் 20 சதவீதம் வரை கரைந்துவிடக்கூடும். மலைக்கு வழி திறக்கும் ஐம்பதாம் வயதில், பெண்ணின் எலும்பு அந்தச் சரிவின் நடுவில் நிற்கிறது.

பம்பையிலிருந்து சந்நிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர். நீலிமலையின் செங்குத்தான ஏற்றத்தில், அப்பாச்சிமேட்டை எட்டுவதற்கு முன் தொடைகள் நடுங்கி உட்கார்ந்துவிடும் மாளிகைப்புறங்கள் பலர். "வயதாகிவிட்டது, ஐயப்பன் விட்ட வழி" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். வயதின் பங்கு உண்டுதான். ஆனால் அந்த நடுக்கத்தில் பெரும் பங்கு, பயன்படுத்தப்படாமல் மெலிந்துபோன தசையுடையது, அது மீட்டெடுக்கக்கூடியது. இந்த வேறுபாட்டை அறியாமலேயே பல பெண்மணிகள் மலையை மட்டுமன்றி, கொடிமரத்தின் முன் விழுந்து வணங்குவதையும், தரையில் அமர்ந்து கோலமிடுவதையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடுகிறார்கள்.

உயிருள்ள எலும்பு

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், பூம்பாவையை உயிர்ப்பித்த வரலாறு நடத்திக் காட்டப்படுகிறது. சிவநேசச் செட்டியார் குடத்தில் இட்டுக் காத்திருந்த மகளின் எலும்பும் சாம்பலும், திருஞானசம்பந்தர் பதிகம் பாட, மீண்டும் பெண்ணுருக் கொண்டன. அது இறையருளின் அற்புதம். ஆயினும் எலும்பு என்றவுடன் குடத்தில் கிடக்கும் உயிரற்ற பொருள்தான் நம் நினைவுக்கு வருகிறது. வாழும் உடலில் இருக்கும் எலும்போ அப்படிப்பட்டதன்று. அதற்குள் இரத்தம் ஓடுகிறது. பழைய எலும்பை அரித்தெடுக்கும் அணுக்களும், அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் இரவும் பகலும் வேலை செய்கின்றன. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், ஏறத்தாழ பத்தாண்டுகளில் உடலின் எலும்புக்கூடு முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது.

அரிப்பதும் கட்டுவதும் சமமாக இருக்கும்வரை குறையில்லை. அரிப்போரை அடக்கி வைக்கும் காவலராக விளங்குவது சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கும்போது அந்தச் சுரப்பு குன்றுகிறது, அரிப்பு மிஞ்சுகிறது. எலும்பு மெலியும் பெண்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்களே என்பதைக் கவனித்து, இந்தத் தொடர்பை 1941-ல் எழுதியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். கருப்பையுடன் சினைப்பைகளும் அகற்றப்பட்ட பெண்களுக்கு இந்தச் சரிவு அறுவைச் சிகிச்சை நடந்த நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது. நாற்பது வயதில் அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் ஐம்பது வயதுவரை பொறுத்திருந்து எலும்பைப் பற்றி யோசிப்பது காலம் கடந்த செயல்.

எலும்பு மெலிவதை வலி வந்து அறிவிப்பதில்லை. முதுகெலும்பின் முள்ளெலும்புகள் நசுங்கும்போதுகூட, மூன்றில் இரண்டு முறிவுகள் எவருக்கும் தெரியாமலே போய்விடுகின்றன. வழக்கமான உயரத்தில் கட்டிய புடவையின் கொசுவம் தரையில் புரள்கிறது என்றால், புடவையைக் குறை சொல்வதற்கு முன் உயரத்தை அளந்து பார்க்க வேண்டும். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. அந்தக் காலத்துப் பாட்டிமார்களுக்கு எலும்பு இரும்பு போன்றது என்று சொல்லிக்கொள்வது வழக்கம். முழு உண்மை அன்று. கூன் விழுந்த பாட்டி ஒருவர் ஊர்தோறும் இருந்தார். அந்தக் கூன்களில் பலவும் வலியின்றி நசுங்கிய முள்ளெலும்புகளே.

எலும்போடு தசையும் போகிறது. முப்பதுகளில் தொடங்கி, பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. இதற்கு ஒரு பெயர்கூட இல்லாதிருந்தது. 1989-ல்தான் இர்வின் ரோசன்பர்க் என்னும் அறிஞர், சதை குறைதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதற்குச் சார்கோபீனியா என்று பெயரிட்டார். தசையும் எலும்பும் தனித்தனியே மெலிவதில்லை. தசை இழுக்கும் இழுப்பே எலும்புக்கு உரம். சுமை ஏறினால் எலும்பு தன்னைத் தடிமனாக்கிக்கொள்ளும், சுமை நீங்கினால் தன்னைக் கரைத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-ல் விளக்கினார். எடையற்ற விண்வெளியில் மிதக்கும் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த பெண் ஓர் ஆண்டில் இழப்பதை, உடல் உறுதி மிக்க அவர்கள் ஓரிரு மாதங்களில் இழந்துவிடுகிறார்கள்.

பிரதட்சிணம் போதுமா?

நாள்தோறும் கோயிலுக்கு நடந்து சென்று, பிராகாரத்தை மூன்று முறையோ பதினோரு முறையோ வலம் வருவதால் எலும்புக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரும் அவ்வாறே கருதுகின்றனர். நடை இதயத்துக்கு நல்லது; சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்; மனத்துக்கு அமைதி தரும். எலும்புக்கு மட்டும் அது போதாது. எலும்பு பழகிப்போன சுமையைப் பொருட்படுத்துவதில்லை. பழகாத சுமை, சற்றே கூடுதலான சுமை வந்தால்தான் அது விழித்துக்கொள்கிறது.

வலத்தைக் காட்டிலும் எலும்புக்குக் கூடுதலாக உதவுவது, வலம் தொடங்குமுன் பிள்ளையார் சந்நிதியில் செய்யும் தோப்புக்கரணம். திருமாலின் சக்கரத்தை விழுங்கிவிட்ட பிள்ளையாரைச் சிரிக்கவைத்து அதை மீட்க, திருமால் தம் நான்கு கைகளாலும் காதுகளைப் பிடித்துக்கொண்டு அமர்ந்து எழுந்தார் என்பது புராணக் கதை. கைகளால் காதைப் பற்றுதல் என்னும் வடசொல் தொடரே தோப்புக்கரணம் ஆயிற்று. உடலின் முழு எடையையும் தொடையும் இடுப்பும் தாங்க, மெதுவாக அமர்ந்து மெதுவாக எழும் அசைவு அது. இன்றோ பெரும்பாலோர் காதைத் தொட்டு முழங்காலை இரண்டு அங்குலம் மடக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் தூணையோ கம்பியையோ பற்றிக்கொண்டு, வலிக்காத அளவுக்குப் பாதி வரை அமர்ந்து எழுந்தாலும் தொடைக்கு அது வேலைதான். முன்னோர் எலும்பை எண்ணித்தான் இவற்றை வகுத்தார்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் ஏதுமில்லை. அவர்கள் பக்திக்காக வகுத்தார்கள். எழுந்து அமரும் வாழ்க்கை அவர்களுடையது, ஆகவே வழிபாடும் அப்படியே அமைந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்று ராட்டினமும் போய்விட்ட வீடுகளில், உடலுக்குச் சுமை தரும் செயலாக எஞ்சி நிற்பவற்றுள் வழிபாடும் ஒன்று.

தொடையின் வலுவை வீட்டிலேயே சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ண வேண்டும். அருகில் ஒருவர் நிற்பது நல்லது. 60 முதல் 64 வயதுள்ள பெண் 12 முறைக்குக் குறைவாகவும், 65 முதல் 69 வயதுள்ளவர் 11 முறைக்குக் குறைவாகவும், எழுபதுகளில் இருப்பவர் 10 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் கால் வலு குன்றியிருக்கிறது, விழும் அபாயம் கூடியிருக்கிறது என்று பொருள். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாதவர்களும் உண்டு. அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை.

பாஸ்டனில் உள்ள முதியோர் மறுவாழ்வு மையம் ஒன்றில், சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்னும் மருத்துவர் கால்களால் பளு தூக்கும் பயிற்சி அளித்தார். எட்டு வாரம் நிறைவு செய்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது; தொடையின் தசைப் பரப்பு 9 சதவீதம் பெருகியது. 1990-ல் இது வெளியானபோது, தொண்ணூறு வயதில் தசை வளரும் என்பதை மருத்துவ உலகமே வியப்புடன் நோக்கியது.

எலும்பைப் பற்றிய சான்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து வந்தது. எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைக் கடந்த 101 பெண்கள் அந்த ஆய்வில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் பயிற்சியாளரின் நேரடிப் பார்வையில், வாரம் இருமுறை, முறைக்கு 30 நிமிடம் கனத்த பளுவைத் தூக்கினர். மற்றப் பிரிவினர் வீட்டில் இலேசான பயிற்சி செய்தனர். எட்டு மாதம் கழித்து, பளு தூக்கியவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவழிப் பாதை என்று கருதப்பட்ட சரிவில் அவர்கள் திரும்பி ஏறியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்மணிகள் நாளையே கனத்த இரும்பைத் தூக்கக் கிளம்ப வேண்டும் என்பதன்று இதன் பொருள். அந்தப் பெண்கள் முதலில் வெறும் கையுடன் முறையான அசைவுகளைக் கற்று, மெல்ல மெல்லவே எடையைக் கூட்டினார்கள். பிசியோதெரபி நிபுணர் ஒருவரிடம் ஒரு மாதம் கற்றுக்கொண்டால் இங்கும் அவ்வாறு தொடங்கலாம்.

எவருக்கு வணக்கம் நின்றபடியே போதும்

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. முள்ளெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்களும், எலும்பு மிகவும் மெலிந்திருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தவர்களும் முதுகை வளைத்து முன்னே குனியும் அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். பஞ்சாங்க நமஸ்காரமும் அதில் அடங்கும். குனியும்போது முள்ளெலும்பின் முன்பகுதியில்தான் அழுத்தம் முழுவதும் விழுகிறது, நசுங்குவதும் அங்கேதான். அத்தகையோர் கொடிமரத்தின் முன் நிமிர்ந்து நின்று, சிரமேல் கைகூப்பி வணங்குவதே தக்கது. அதில் குறையேதும் இல்லை. பேத்தியையோ மருமகளையோ விழுந்து வணங்கச் சொல்லிவிட்டுத் தாம் கைகூப்பி நிற்கும் மூதாட்டியரை எல்லாக் கோயில்களிலும் காணலாம்.

டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்திச் சோதனை வலியற்றது, ஊசி இல்லை, படுத்திருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் டி அளவீடு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை நோய் என்பது 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறை. 65 வயதான பெண்கள் அனைவரும், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர்கள், சிறு விழுகையிலேயே எலும்பு முறிந்தவர்கள், பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிவு ஏற்பட்டவர்கள் இந்தச் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். வாரம் ஒரு மாத்திரை கொடுக்கப்பட்டால், விடியற்காலை வெறும் வயிற்றில், காபிக்கு முன், ஒரு தம்ளர் வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அந்த அரைமணியில் விளக்கேற்றி சகஸ்ரநாமம் சொல்லி முடிப்போர் உண்டு.

நைவேத்தியத்தில் இருப்பது

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு தம்ளர் பாலில் கிடைப்பது சுமார் 240. ஆடி மாதம் மாரியம்மனுக்கு வார்க்கும் கேழ்வரகுக் கூழின் மாவில் 100 கிராமுக்கு 350 அளவில் இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் படைக்கும் எள்ளுச் சாதத்தின் எள்ளில் 100 கிராமுக்கு ஆயிரத்துக்கும் மேல். ஏகாதசி உபவாசம் முடிந்து துவாதசிப் பாரணையில் சேர்க்கும் அகத்திக்கீரையிலும் ஆயிரத்தை ஒட்டியே இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை அம்மனுக்கும் பெருமாளுக்கும் செய்யும் இவை வாரந்தோறும் இலையில் விழுந்தால் நன்மை.

புரதம்தான் நம் வீடுகளில் பெரிய குறை. இரவில் ஒரு தோசையோ இரண்டு இட்லியோ போதும் என்று முடித்துக்கொள்ளும் மூதாட்டியருக்குத் தசை வளர்வதற்கான பொருள் எங்கிருந்து வரும்? முதியோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் புரதமாவது வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் அளவு கிடைக்கும். நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு சுண்டல் வாங்கிக்கொள்ளும் பழக்கம் பத்தாம் நாளோடு நின்றுவிடுவது பரிதாபம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் விரதம் இருக்கும் அறுபது வயதுப் பெண்மணி, விரதம் இல்லாத நாள்களில் அதை ஈடுசெய்கிறாரா என்று வீட்டார் கவனிப்பது கடமை.

வைட்டமின் டி பற்றி ஒரு சொல். மார்கழி விடியலில் திருப்பள்ளியெழுச்சிக்குச் சென்று திரும்புவோர் வெயில் பட்டுவிட்டது என்று எண்ணலாம். தோலில் அந்தச் சத்தை உண்டாக்கும் கதிர்கள் சூரியன் மேலேறிய பிறகே, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை தரையை எட்டுகின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் இந்தக் குறை இவ்வளவு பரவலாக இருப்பதற்கு, அந்த நேரத்தில் நாம் நிழலில் இருப்பதும் ஒரு காரணம்.

ஈரப் பிராகாரம்

எலும்பு மெலிவதால் மட்டும் முறிவதில்லை, விழுவதால் முறிகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் காலமாகிவிடுகிறார்கள். பிழைத்தவர்களில் பலர் மீண்டும் துணையின்றி நடப்பதில்லை. அபிஷேகத் தீர்த்தம் வழிந்தோடும் பிராகாரம், விளக்கெண்ணெய் சிந்திய நவக்கிரக மேடை, இருட்டில் தாண்ட வேண்டிய உயர்ந்த வாசற்படி, ஈரப்புடவையுடன் குளக்கரைப் படியில் இறங்குவது ஆகியவை எல்லாக் கோயில்களிலும் உள்ளவை. வெறுங்காலில் நடப்பதால் பாதத்துக்குத் தரையின் உணர்வு கிடைப்பது ஒரு நன்மை. ஆனால் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்த நன்மையும் இல்லை. வீட்டில் குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிக்க ஆகும் செலவு, முறிந்த இடுப்புக்கு ஆகும் செலவில் சொற்பம்.

விரதத்துக்கு 41 நாள், கால்களுக்கு ஓர் ஆண்டு

மாலை அணிவது கார்த்திகையில் என்றாலும், முதன்முறை மலைக்குச் செல்ல நினைக்கும் மாளிகைப்புறம் கால்களைத் தயாரிக்க அதற்கு முந்தைய கார்த்திகையிலிருந்தே தொடங்குவது அறிவுடைமை. சுவாமிமலையில் அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் 60 படிகள் இருக்கின்றன. அருகில் வசிப்போர் வாரம் இருமுறை ஏறி இறங்கலாம். திருச்சி உச்சிப்பிள்ளையாருக்கு 400-க்கும் மேற்பட்ட படிகள். சோளிங்கரில் 1,305, அது எடுத்த எடுப்பில் ஏறுவதற்கன்று. கோயில் படி இல்லாத ஊரில் மாடிப்படி போதும். சில மாதங்கள் பழகிய பிறகு, தோள்பையில் ஒரு கிலோ அரிசியைப் போட்டு ஏறிப் பார்த்து, மெல்ல இரண்டு, மூன்று கிலோவாக்கலாம். மருத்துவர் முதுகெலும்பில் குறையில்லை என்று சொன்னவர்களே தலையில் சுமை ஏற்ற வேண்டும். முள்ளெலும்பு நசுங்கியவர்களுக்குப் பம்பையில் டோலி இருக்கிறது. அதில் செல்வோரையும் ஐயப்பன் அழைத்துத்தான் கொள்கிறான்.

ஏற்றத்துக்குப் பழகுவோர் இறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்; ஏறுவதைக் காட்டிலும் தசையைக் கடுமையாக வருத்தும் வேலை அது. தரிசனம் முடிந்த நிறைவிலும் உறக்கமின்மையிலும் கால் இடறுவது இந்த இறக்கத்தில்தான். ஆகவே பயிற்சியின்போது படியில் ஒவ்வொரு காலாக, மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு இறங்கிப் பழக வேண்டும். சந்நிதானத்தில் ஓர் இரவு தங்கி ஓய்ந்து, மறுநாள் காலை வெளிச்சம் வந்த பிறகு, கைப்பிடிக் கம்பியின் ஓரமாகவே பம்பைக்கு இறங்குவது ஐம்பது கடந்த கால்களுக்கு நல்லது.